வாசல் வழியாக வராத பரிசல்

எங்கள் ஊர்ச் சனங்களுக்கும், ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்று பிழைக்கப் போன இடத்தில் இருந்துகொண்டே ஊரை மறக்காத பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நேற்று சாயந்தரம் நம் நூலகக் கூரையில் கடைசி முகட்டோட்டை வைத்துப் பூசிவிட்டு மேஸ்திரி சாரத்தைப் பிரித்தார். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு நான் மட்டும் ஏரிக்கரைக்குப் போனேன். நூலகத்துக்குள் விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்த்தேன். ஓடு தெரிந்தது. ஆறு மாசமாக அங்கே நின்று மேலே பார்த்தால் வானம்தான் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், கழுத்து வலித்த பிறகுதான் வீட்டு ஞாபகம் வந்தது. தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடலை இப்போதே எழுதுகிறேன். ஆறப்போட்டால் எழுதுவது மரியாதைக்கு எழுதுவதாகிவிடும்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி நம்மில் யார் தூங்கினோம்? ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் என்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள். ஏரி நிரம்பிக் கோடி போன சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அளவு சொல்லத் தேவையில்லை. நூலகக் கூரை போனது அந்த மழையில்தான். ஃபெஞ்சல் புயலை அதோடு விட்டுவிடுகிறேன்.

இந்த மடலில் எல்லோருக்கும் நன்றி உண்டு. ஆனால் பெரும்பங்கு ஒருவருக்கு. அவர் பெயரைப் போட மாட்டேன். "பேரு கீரு போட்டுடாத கண்ணு, நாளைக்கு ரேஷன் கடைக்காரரும் பரிசல் கேட்டு வந்து நிப்பாரு" என்று சொல்லிவிட்டார். ரேஷன் கடையும் ஒழுகுகிறது என்பது ஊரறிந்த விஷயம். பரிசல்கார அண்ணன் என்றாலே நம் ஊரில் யார் என்று தெரியும், போதும்.

அவருக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் ஜெராக்ஸ் கடையில் மனு எழுதித் தருவதும் பாதிப் பிழைப்பு. 2019-இல் ஒரு மனுவைக் காசு வாங்காமல் நானே தட்டச்சு செய்தேன். "மேற்படி நூலகச் சுற்றுச்சுவரில் மீன்வலை உலர்த்துவதால் துர்நாற்றம் வீசி வாசகர்களுக்குப் பெரும் இடையூறு ஏற்படுகிறது" என்று போகும் அது. பதினான்கு பேர் கையெழுத்து, முதல் கையெழுத்து என்னுடையது. வலை அவருடையது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தச் சுவரில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது அது நூலகமே இல்லை, வெறும் சாவடி. ஒரு வாரத்தில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மதகைத் தாண்டி நூறு கஜம் தள்ளிக் கருவேல மரத்தடியில் குச்சி நட்டு அங்கே காயப்போட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஆதார் நகல் எடுக்கக்கூட அவர் என் கடைக்கு வந்ததில்லை. ரெண்டு ரூபாய் ஜெராக்ஸுக்குப் பஸ் ஏறி ஊத்தங்கரை போவார். நானும் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

இப்போது, கூரை வேலை நடந்துகொண்டிருந்தபோது மழை வந்த அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

சித்திரை முடிகிற சமயம். ஏரிப்பக்கத்து ஓடுகளையெல்லாம் இறக்கி அடுக்கியாயிற்று. ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டங்களில் கரையான் தின்ற பனங்கைகளையும் கழற்றியாயிற்று. இன்னொரு பக்கம் ஓடு இருந்தும் சல்லடைதான். பீரோவில் கொள்ளாத புத்தகங்கள் ஆயிரத்துச் சொச்சம். இரண்டு வாசிப்பு மேசைகளை ஒட்டிப்போட்டு அதன் மேல் குவித்து, தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டியிருந்தோம். "இந்த வெயில்ல மழை எங்க வரப்போகுது" என்று சொன்ன மேதாவி நானேதான். சொல்லிவிட்டு மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பதினோரு மணிக்குக் காற்று கிளம்பியது. மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனும் அவர் பையனும் வலையை அள்ளக் கரைக்கு வந்திருக்கிறார்கள். கருவேல மரத்தடிக்குப் போக நூலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். பையன் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். மேலே இருந்த புத்தகங்கள் காற்றில் பக்கம் பக்கமாகப் புரண்டுகொண்டிருந்தனவாம். தூறல் விழ ஆரம்பித்துவிட்டது.

அவர் வலையை அள்ளப் போகவில்லை. பரிசலை எடுக்கப் போனார்.

பரிசலைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? மூங்கில் பிளாச்சுப் பின்னல், அதற்குமேல் சாக்கு, அதற்குமேல் தார். ஏழடி அகலம். ஒருவர் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கலாம், காற்றில்லாத நாளாக இருந்தால். அன்றைக்கு அப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரைமேல் ஏற்றியிருக்கிறார்கள். வாசலுக்குக் கொண்டுபோனால் நுழையவில்லை. சாய்த்தும் பார்த்தார்கள். பழைய சாவடி நிலை, ஐந்தரை அடி உயரம். ஏழடிப் பரிசல் எப்படிப் போகும்? அப்புறம்தான் பையனுக்கு யோசனை வந்தது, மேலே கூரையே இல்லையே என்று. மேஸ்திரி கட்டிய சாரம் வெளியே நின்றது. வலைக்கயிற்றைப் பரிசலின் விளிம்பில் கட்டி, மகன் சாரத்தின் மேல் நின்று இழுக்க, அப்பா கீழேயிருந்து தலையால் முட்டித் தள்ள, சுவரைத் தாண்டி உள்ளே இறக்கிவிட்டார்கள். புத்தகக் குவியலைக் கைகளால் ஒதுக்கி நடுவில் சேர்த்து, அதன் மேல் கவிழ்த்துவிட்டார்கள். காற்று தூக்கிவிடாமல் இருக்க நாலு பக்கமும் மேசைக் காலோடு கயிறு போட்டுக் கட்டி, மீதி ராத்திரி முழுக்கப் பீரோ பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். மழை நாலு மணி வரைக்கும் பெய்தது. மரத்தடியில் இருந்த வலையில் பாதியைக் காற்று முள்ளில் இழுத்துக் கிழித்துப் போட்டுவிட்டது.

நான் விடியற்காலை முதல் பஸ்ஸில் இறங்கி ஓடினேன். வழியில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். உள்ளே போனால் தரையெல்லாம் கணுக்கால் தண்ணீர், நடுவில் கருப்பாக ஒரு பெரிய சட்டியைக் கவிழ்த்த மாதிரி பரிசல். அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நூலகத்துக்குள் இருக்கிறோம் என்று பீடியை அணைத்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அண்ணா" என்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. "கையை உட்டுப் பாரு" என்றார். குனிந்து பரிசலுக்கடியில் கையை விட்டுத் தடவினேன். காய்ந்த காகிதம்.

புதுத் தார்ப்பாய் மறுநாளே வந்துவிட்டது. "அதை நம்பாத, இது கெடக்கட்டும்" என்று அவர்தான் பரிசலை எடுக்க மறுத்தார். புதுப் பனங்கை வந்து சேரப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் பரிசல் நூலகத்தில் கிடந்தது. பனங்கையை ஏற்றிவிட்டால் அப்புறம் பரிசலை வெளியே எடுக்க முடியாது, அதுக்கும் ஒரு நம்பர் ஒட்டி இரவல் கொடுக்க வேண்டியதுதான் என்று மேஸ்திரி கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

பதினொரு நாள் என்றால் என்ன என்று ஏரி தெரிந்தவர்களுக்குப் புரியும். மீன் குத்தகை பசலி ஆண்டுக் கணக்கு, ஜூன் 30-ஓடு முடிந்துவிடும். தண்ணீர் வற்றி மீனெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்குகிற இந்த மே மாசம்தான் பரிசல்காரருக்கு அறுவடை. அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். நடு ஏரியில் கட்லா துள்ளுவதை ஊரே கரையில் நின்று பார்த்தது. நஷ்டத்துக்கு என்று நன்கொடைப் பணத்திலிருந்து கொஞ்சம் கொண்டுபோனேன். வாங்கவில்லை. "கூரைக்கு வாங்குன காசு கூரைக்குத்தான்" என்றார்.

அந்தக் காசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கணக்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடம் ஒரு அலுவலகத்துடையது, உள்ளே இருக்கும் புத்தகம் இன்னொன்றுடையது, கட்டடம் நிற்கும் கரை மூன்றாவது ஒன்றுடையது. மூன்று இடத்துக்கும் மனு கொண்டுபோனவன் நான். மூன்று இடத்திலும் நல்லபடியாகத்தான் பேசினார்கள், மற்ற இரண்டு இடத்துக்கும் வழி சொன்னார்கள். 1948-இல் வந்த சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, ரூபாய்க்குப் பத்துப் பைசா, அது எங்கே என்று கேட்டவர்களுக்கு: அது மாவட்டம் முழுக்க உள்ள நூலகங்களுக்குப் பொதுப் பணம். இரவல் கட்டடத்தின் ஓட்டுக்கு அது வந்து சேர்வதற்குள் ஓடு கீழே வந்துவிடும். கடைசியில் கைகொடுத்தது நமக்கு நாமே திட்டம்தான். மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதியை அரசு போடும். மதிப்பீடு 3,60,000 ரூபாய், நம் பங்கு 1,20,000.

அதை நிரப்பியவர்கள்: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், சம்பள நாளன்று மறக்காமல் ஜிபே செய்தவர்கள். மாங்காய் மண்டிக்காரர்கள். மகளிர் குழு. உண்டியலை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், சில்லறையை எண்ணியே எனக்கு ஒரு மத்தியானம் போனது. பாட்டி வீட்டை இடித்தபோது அறுநூறு பழைய மங்களூர் ஓடுகளை விற்காமல் நமக்கே கொடுத்த தர்மபுரிக் குடும்பம். அது சாதாரண உதவி இல்லை. ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு கவ்வி உட்காராது. நம் ஓட்டின் அடியில் இருக்கும் அதே முத்திரை அவர்கள் ஓட்டிலும் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். விடிகாலையில் வந்து தேங்காய் நாரால் ஒவ்வொரு ஓட்டிலும் பாசி தேய்த்துக் கொடுத்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள். ஏணியில் தானே ஏறிப் பார்த்து அளவெடுத்த பொறியாளர். சிமெண்ட் வேண்டாம், வெயிலில் வெடித்துவிடும் என்று பிடிவாதம் பிடித்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்புக் கலவையிலேயே முகட்டைப் பூசிய மேஸ்திரி. எல்லோருக்கும் என் கும்பிடு. ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போட்டால் பாதிச் செலவில் முடியும் என்று சொன்னவர்களுக்கும் நன்றி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் ஷீட்டில் மழை விழும்போது உள்ளே உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

ஒன்று மனசில் உறுத்துகிறது. நம் பக்கத்தில் பொதுக் கட்டடம் என்றாலே ஏரிக்கரைதான். பள்ளிக்கூடமோ, சத்துணவுக் கூடமோ, மோட்டார் ரூமோ, புறம்போக்கு அங்கேதான் கிடைக்கும். தண்ணீரைப் பார்த்த பக்கம்தான் எப்போதும் முதலில் போகிறது. ஈரம், ஆடிக் காற்று, ஓட்டிடுக்கில் முளைக்கும் அரசங்கன்று. கான்கிரீட்டாக இருந்தால் உள்ளே கம்பி துருவேறி உப்பி, காரை பெயர்ந்து விழும். ஓட்டுக் கட்டடத்தில் ஒரு ஓடு நகர்ந்திருந்தால் ஏணி போட்டு ஏறிச் சரியாக வைக்க அரைமணி நேரம் போதும். அதை விட்டால் ஓடு உட்காரும் ரீப்பர் கட்டை, ரீப்பரை விட்டால் பனங்கை, அப்புறம் சுவர். நாம் எல்லோரும் சுவர் வரைக்கும் காத்திருந்தோம். புதுக் கட்டடம் என்றால் பணம் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது, கல்வெட்டு வைக்கலாம். ஓடு மாற்றியதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

அதனால் வருஷா வருஷம் ஆனி மாசம், ஆடிக் காற்றுக்கு முன்னால், நூலக வாசகர் வட்டத்துக்காரர்கள் நாங்கள் மேலே ஏறி ஓடு பார்த்துவிடுவோம். ஏணி என் செலவு. மிச்சமிருக்கும் 11,450 ரூபாய் அதற்குத்தான்.

பரிசலை வெளியே தூக்கிய நாளன்று அந்தப் பையன் என்னிடம் மெதுவாகக் கேட்டான், "அண்ணா, செவுத்துல மறுபடியும் வலை காயப்போட்டுக்கலாமா?" அப்பா திரும்பி ஒரு முறை முறைத்தார். பையன் வாயை மூடிக்கொண்டான். நான் அன்றைக்கே ஊத்தங்கரை போய் எட்டு இரும்புக் கொக்கி வாங்கி வந்தேன். மேஸ்திரி முகட்டுக் கலவையில் மிச்சத்தை வைத்துச் சுற்றுச்சுவரில் பதித்துக் கொடுத்தார்.

இப்போது வலை அங்கேதான் காய்கிறது. வாடை வருகிறதுதான், பொய் சொல்லவில்லை. புத்தகங்களிலும் கொஞ்சம் தார் வாசனை ஏறியிருக்கிறது. இருப்புப் பதிவேட்டின் 47-ஆம் பக்கத்தில் ஒரு ஜிலேபி மீனின் செதில் ஒட்டியிருக்கிறது, நூலகர் அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்று காலை ஒருவர் கடைக்கு வந்து, ஏரிக்கரைச் சுவரில் மீன்வலை காய்வது பற்றி ஒரு மனு அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். டோனர் தீர்ந்துபோய்விட்டது என்றேன்.

நன்றியுடன்,
ஜெராக்ஸ் கடைக்காரன்
வாசகர் வட்டத்துக்காக