பேர்ச் என்றால் பனையேறியா, கெண்டையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் ஆண்டில் படிக்கும் என் பேத்தி, ரியூசனில் கொடுத்த தாளொன்றைச் சென்ற வாரம் கொண்டுவந்து காட்டினாள். படத்தில் இருந்தது ஐரோப்பிய ஆறுகளில் வாழும் பேர்ச் மீன். உடலில் கறுப்புப் பட்டிகள், செம்மஞ்சள் இடுப்புச் செட்டைகள், முன் முதுகுச் செட்டையின் கடைசியில் ஒரு கறுப்புப் பொட்டு. வேறு மீனாக இருக்க வழியில்லை. படத்தின் கீழே "பனையேறி" என்றும், அடுத்த வரியில் "கெண்டை வகையைச் சேர்ந்தது" என்றும் அச்சிட்டிருந்தார்கள். முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவள் நான். மூன்று மீன்களை ஒன்றாக்கிய அந்தத் தாளைப் பார்த்தபின் சும்மா இருக்க மனம் வரவில்லை. தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பகுதியைப் பிள்ளைகள் வெட்டி ஒட்டிப் படிக்கிறார்கள். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

உண்மையான பேர்ச்சில் மூன்றே இனங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடக்கிலும் ஒன்று, வட அமெரிக்காவில் மஞ்சள் பேர்ச், கசகஸ்தானின் பல்காஷ் ஏரிப் பக்கம் இன்னொன்று. மூன்றும் குளிர்நாட்டு நன்னீர் மீன்கள். நம் நாட்டு ஆறு குளங்களில் அவை இல்லை. ஆனால் முதுகில் முள் நிமிர்ந்த மீனை எங்கே கண்டாலும் ஆங்கிலேயர் பேர்ச் என்றே அழைத்தார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

பேத்திக்குச் சொல்லி விளங்கவைப்பதைவிடக் காட்டுவது மேல் என்று சனிக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். ஒரு கொடுவாவும், கெண்டைக் குடும்பத்து ரோகு ஒன்றும் வாங்கினோம். கொடுவாவைச் சிங்களத்தில் மோதா என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இராட்சத பேர்ச் என்றும் ஒரு பெயர் உண்டு. கொடுவாவின் பூ, அதாவது செவுள், சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கப் பேத்தி கையை நீட்டியதும் மீன்காரர், "கை கவனம் பிள்ளை, வெட்டிப்போடும்" என்று தடுத்தார். கொடுவாவின் பூமூடிக்கு முன்னால் உள்ள எலும்பின் விளிம்பு வாள்பல் போல இருக்கும். அதன் கீழ்மூலையில் தடித்த முள் ஒன்றும் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடப்பதை மீன்காரர் தன் விரல் தழும்பைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கொடுவாவின் முதுகுச் செட்டையை விரித்து முன்பகுதியில் எட்டு முள் எண்ணினாள். அதன்பின் ஆழமான ஒரு வெட்டு, பிறகு மெல்லிய கதிர்கள். ரோகுவின் முதுகில் அப்படி முள் வரிசை இல்லை. கொடுவாவின் இடுப்புச் செட்டைகள் நெஞ்சுக்குக் கீழேயே இருந்தன. ரோகுவுக்கு அவை வயிற்றின் நடுவில். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவச் சொன்னேன். கொடுவா அரம்போல் உரசியது, ரோகு வழுக்கியது. கொடுவாவின் ஒரு செதிலைக் கழுவிக் கைவில்லையில் பார்த்தபோது அதன் விளிம்பில் சீப்புப் பற்கள் தெரிந்தன. ரோகுவின் செதிலில் அந்தப் பற்கள் கிடையா. பேர்ச்சைக் கெண்டை என்று எழுதியவர் ஒரு செதிலைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

இந்த முள், செதில், செட்டை அடையாளங்களை வைத்து ஒரு காலத்தில் 10,000 இனங்கள் வரை பேர்ச் வரிசையில் சேர்த்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்தபின் அந்த வரிசை கலைந்துவிட்டது. கொடுவா இன்று பாரையின் பக்கத்து உறவு. பனையேறி விராலின் உறவு. மீனின் விலாவில் நீளவாட்டில் ஓடும் பக்கக்கோடு என்ற கோட்டைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: கொடுவாவில் அது வால் செட்டைக்குள்ளும் ஓடுகிறது, பேர்ச்சில் வாலுக்கு முன்பே நின்றுவிடுகிறது, பனையேறியில் நடுவில் அறுந்து இரண்டு துண்டாகிறது.

பனையேறியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நம் வயல்களிலும் குளங்களிலும் வாழும் மீன், சிங்களத்தில் காவையா. பூக்களுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருப்பதால் காற்றையே சுவாசிக்கும். குளம் வற்றினால் பூமூடியின் முட்களை நிலத்தில் ஊன்றி, வாலால் உந்தி, அடுத்த நீர்நிலையைத் தேடிப் போகும். 1791 இல் தரங்கம்பாடியில் டேனிஷ் படை அதிகாரி டால்டோர்ஃப், குளத்தோரப் பனையின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்துக்கு ஐந்து அடி மேலே அதைப் பிடித்ததாக எழுதினார். இலண்டனில் 1797 இல் அச்சான அந்தக் குறிப்பில் அவர் அதைப் பேர்ச் இனமாகவே பெயரிட்டிருந்தார். மரத்தில் கண்ட மீன்கள் காகமோ பருந்தோ கொண்டுபோய்ப் போட்டவையாக இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் கருதினார்கள். தமிழ்நாட்டில் இதைப் பனையேறிக் கெண்டை என்கிறார்கள். நம் மொழியிலும் பெயர் வழிதவறியிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பேச்சு வழக்கில் ஒரு பெயர் நிலைத்துப் போவது வேறு, பரீட்சைக்குப் படிக்கும் தாளில் அதையே விஞ்ஞானமாக எழுதுவது வேறு.

தங்கள் மாணவர் பகுதியில் பேர்ச், கொடுவா, பனையேறி மூன்றின் படங்களையும் அருகருகே போட்டு, செட்டைகளையும் பக்கக்கோட்டையும் குறித்து வெளியிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பெயர்களைப் பூமூடி, செட்டை, செதில் என்று நம் பாடப்புத்தகத் தமிழிலேயே போடுங்கள். படங்களைச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.