அந்தத் தோணிக்குப் பாசி வேண்டாம்

திருகோணமலை

அன்பு மச்சான்,

கடிதம் பிந்திப்போச்சு, குறை நினைக்காதே. இங்கே எல்லாரும் சுகம். பெரியவனுக்கு இன்னும் அதே வாய்தான்.

நீ மரத்தில் செய்த சின்ன மாதிரித் தோணியின் படத்தைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அணியத்தின், அதுதான் முன்பக்கத்தின், வளைவு அச்சு அசல் அப்பாவின் கரைவலைத் தோணிதான். ஆனால் அடியிலே பச்சைப் பாசி எதற்கடா? இங்கே வளர்ந்தவன் செய்கிற வேலையா இது! பாசி, உட்துறைமுகத்தில் நாட்கணக்காய் நங்கூரம் போட்டுக் கிடக்கிற படகுக்குப் பிடிக்கும். கரைவலைத் தோணி வேலை முடிய மணலில் ஏறிவிடும். அதற்கு உள்ளது தேய்வு. ஏராவும் (அடியில் நீளமாக ஓடுகிற மரம்) அடிப்பலகையும் உரசி மரம் தெரியவேண்டும். வலை இறங்குகிற பக்கத்து விளிம்பு கயிறு பட்டு வழவழத்திருக்க வேண்டும்.

பூசினதை உரித்துவிடு. 320 சாண்ட்பேப்பரால் தேய்த்து, ஈரத்துணியால் ஒருக்கால் துடை. நார் எழும்பும். காய்ந்ததும் 400ஆல் மெல்லத் தேய். மரத்தின் நுண்துளையை அடைக்கிற சீலர் இரண்டு பூச்சு, மெல்லிசாக. தேய்கிற இடத்தை அப்படியே விட்டு, மற்ற இடத்துக்குப் பழைய நிறமாக நீல எனாமல் அடித்து நன்றாகக் காயவிடு. அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே, பிறகு அக்ரிலிக் வெள்ளை. சுத்த வெள்ளை விளையாட்டுச் சாமான்போல் இருக்கும், துளி மஞ்சள் கல. அரை மணித்தியாலத்தில் ஈரத்தூரிகையால் தேய்த்தால் வெள்ளை கிளம்பி நீலம் எட்டிப்பார்க்கும். அடுத்த நாள்வரை விட்டால் பிடித்துக்கொள்ளும், கிளம்பாது.

இனித்தான் கவனம். மண்ணிறக் கழுவலுக்குமுன் (டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த நிறம்) அக்ரிலிக் மட் வார்னிஷ், அதாவது மினுங்காத வார்னிஷ், கட்டாயம். இல்லாவிட்டால் டர்பன்டைன் வெளியே தெரிகிற எனாமலை இளக்கி எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். கழுவலைப் பலகை இடுக்குகளில் மட்டும் விடு, மேலெல்லாம் பூசாதே. ஆணி இரும்பென்றால் துரு கீழ்நோக்கி மெல்லிய கோடாக ஒழுகும். செம்பென்றால் துருவே வராது, பச்சை களிம்புதான். எந்த ஆணி என்று அம்மாவிடம் கேள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அப்பா தோணியை ஒருநாளும் பாழடைய விட்டவர் இல்லை. வாடை தொடங்கமுன் இடுக்கு அடைத்து, நிறம் பூசி வைப்பார். அதனால் உழைத்த தேய்வு மட்டும் போடு, கைவிட்ட அழுக்குப் போடாதே. கரையெல்லாம் ஃபைபர் படகாகிவிட்ட காலத்தில் அவர் தோணியைப் பிள்ளைகள் இதிலேதான் பார்க்கப்போகிறார்கள்.

அடுத்த படத்தில் ஏராவும் தெரியத் தோணியைக் கவிழ்த்து எடு.

உன்,
மச்சான்