அச்சேறாத அட்டை

நண்பா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், இரு. வீட்டில் எல்லோரும் நலம், உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. இப்போது நான் சொல்ல வந்தது வேறு.

காமிக்ஸ் புத்தகத்துக்கு நான் வரைந்த மழை அட்டை அச்சில் வரவில்லை. பேசிய பணம் வந்துவிட்டது, ஒரிஜினலும் திரும்பி வந்துவிட்டது. புத்தகம் மட்டும் வேறொருவர் போட்ட அட்டையோடு வெளியாகிவிட்டது. விளம்பரத்துக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே அட்டை வேண்டும் என்று கேட்டார்கள், வரைந்து கொடுத்தேன். அப்போது கதையின் கடைசிப் பகுதி எழுதப்படவே இல்லை. எழுதி முடித்தபோது, நான் அட்டையில் மழையில் சாவதாக வரைந்த கிழவர் கதையில் சாகவில்லை, மழையும் பெய்யவில்லை. எடிட்டர் போன் செய்து பொறுமையாகத்தான் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. யாரையாவது திட்ட முடிந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

நேற்று அதைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். மேலே கால் பங்கு வெறும் வானம். லோகோவுக்காக விட்ட இடம்டா அது. தலைப்பு வந்து உட்காரும் என்று மேகத்தைக்கூட அடக்கி வரைந்திருந்தேன். இப்போது அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. ஓரத்தில் நீலப் பென்சிலில் நானே எழுதிய குறிப்பு, 'விலை இங்கே'. அதைப் பார்த்தபோதுதான் தொண்டை அடைத்தது.

ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த 1962 இதழுக்கு ஓவியர் ஸ்டீவ் டிட்கோ ஒரு அட்டை வரைந்தார், அது ஒதுக்கப்பட்டது என்று நாம் விடிய விடியப் பேசியிருக்கிறோம். அச்சில் வந்தது இன்னொரு ஓவியர் ஜாக் கிர்பி பென்சிலில் வரைந்தது. அந்தப் பென்சில் கோட்டின்மேல் மை போட்டவர் யார்? அதே டிட்கோ! தன் படத்தை ஓரம்கட்டிவிட்டு வந்த படத்துக்குக் கோடு கோடாக மை போட அந்தக் கை எப்படி வந்தது? அன்றைக்கு நீ "அதுதான் தொழில்" என்றாய், நான் சண்டை போட்டேன். இப்போதும் உன்னோடு ஒத்துப்போக மனம் வரவில்லை.

அதைவிட 1978 தான் என்னைப் படுத்துகிறது. அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி ஒரேயடியாகப் பல இதழ்களை நிறுத்தியபோது, முடித்து வைத்திருந்த வேலையெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. காப்புரிமைக்காக அவற்றை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு தொகுதிகளாகக் கட்டினார்கள், சுமார் 35 பிரதிகள்தான். அந்த ஜெராக்ஸ் இல்லையென்றால் அதில் எத்தனை படம் நம் கண்ணில் பட்டிருக்கும்?

ராத்திரி முழுக்க இதுதான் ஓடியது. அச்சான அட்டையின் ஒரிஜினல் தொலைந்தாலும் ஆயிரம் வீட்டில் பிரதி இருக்கும். அச்சாகாத அட்டைக்கு, வரைந்த அந்த ஒரு போர்டுதான் உயிர். தண்ணீர் பட்டால் போச்சு, பழைய பேப்பரோடு போட்டால் போச்சு. அட்டை வரைந்த நம் பெரியவருக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அவர் போன மறுவாரம் நாம் போனபோது அந்த இரும்புப் பெட்டி இருந்த இடத்தில் தரைதான் இருந்தது. அதற்குள் இருந்தவை அச்சேறாத பதினோரு அட்டைகள். அந்தப் புலி அட்டையை நம் இருவரைத் தவிர யாருமே பார்த்ததில்லை. நாம் மறந்துவிட்டால் அப்படி ஒன்று இருந்ததற்கே சாட்சி கிடையாது.

அதனால் சோம்பேறிப் பயலே, பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாயே மூன்று, முதலில் அவற்றை வெளியே எடு. ஐந்து கால் குதிரையையும் சேர்த்துத்தான்! வெட்கப்படாதே. நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு. என்னுடையதை உனக்கு அனுப்புகிறேன். போர்டின் பின்பக்கம் பென்சிலில் எந்த இதழுக்கு, எந்தத் தேதியில் வரைந்தது, ஏன் நின்றது என்று எழுதிவை. என் மழை அட்டையில் இப்போதுதான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னிடமிருந்து வரவில்லையென்றால் நானே கிளம்பி வந்து பீரோவை நகர்த்துவேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்