பசியை வெட்டினீர்கள், ரத்தத்தை ஏன் விட்டீர்கள்?

உலக இலக்கியங்களைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மார்க் ட்வெய்னின் 'டாம் சாயர்' கதையை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் தெரு நூலகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு அதன் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை வாசித்தேன். இடுகாட்டில் 'இஞ்சன்' ஜோ (செவ்விந்தியரைக் குறிக்கும் இழிசொல் அது) டாக்டரைக் குத்திக் கொல்லும் இடம் வந்ததும் ஒரு பையன், "எதுக்கு மிஸ் கொன்னான்?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த சிறுமி புத்தகத்தைப் பார்த்தபடியே, "அவன் பாதி செவ்விந்தியன்டா. அவன் ரத்தமே அப்படின்னு போட்டிருக்குல்ல" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. அச்சில் இருந்ததைத்தான் சொன்னாள்.

1876இல் வந்த மூல நூலில் ஜோ காரணம் சொல்கிறான். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, சாப்பிட ஏதாவது கேட்டு வந்தவனை இதே டாக்டர் தன் அப்பா வீட்டுச் சமையலறையிலிருந்து விரட்டியிருக்கிறார். பழிவாங்குவேன் என்று அவன் சபதம் போட்டதும் நாடோடி என்று சொல்லி ஜெயிலில் போட வைத்தார் அந்த அப்பா. நீதிபதியாக இருந்த டக்ளஸ் ஊரே பார்க்க, ஜெயில் வாசலில் தன்னைச் சவுக்கால் அடிக்க வைத்ததையும் பின்னொரு இடத்தில் ஜோ சொல்கிறான். நாங்கள் வாசித்த சுருக்கத்தில் பசி இல்லை, ஜெயில் இல்லை, சவுக்கும் இல்லை. ரத்தம் மட்டும் இருக்கிறது. பக்கம் குறைக்க வேண்டுமென்றால் வெட்டுவதற்கு இதுதானா கிடைத்தது?

ட்வெய்ன் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. காதை அறுத்து மூக்கைக் கிழித்துப் பழிவாங்குவது வெள்ளைக்காரர்களுக்கு வராது, செவ்விந்தியன் என்றால் கதையே வேறு என்று அந்த நாவலின் நல்ல மனிதர் ஒருவரே பேசுகிறார். ட்வெய்ன் வளர்ந்த, அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்து ஹானிபல் ஊரில் 'இஞ்சன் ஜோ' என்ற அதே பட்டப்பெயரால் அழைக்கப்பட்ட ஜோ டக்ளஸ் என்ற நிஜ மனிதர் 1923இல் இறந்தார். கதையில் வருபவன் தான் இல்லை என்று அவர் மறுத்ததையும், கண்ணியமாக வாழ்ந்ததையும் அவருடைய கல்லறையில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஒரு கற்பனைப் பாத்திரம் ஒரு மனிதரைச் சாவுக்குப் பிறகும் விடவில்லை.

2011இல் அமெரிக்காவில் இழிசொற்களை மட்டும் மாற்றி ஒரு பதிப்பு வந்தது. அந்த வழி வேண்டாம். சொல் மாறினாலும், பிறப்பால் கெட்டவன் என்ற கணக்கு மாறாது.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. பிறப்பை வைத்தே சமூகங்களைக் குற்றவாளிகளாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அந்தச் சட்டத்துக்காகக் கைரேகை வைத்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "அவன் ரத்தமே அப்படி" என்ற வரியை அவர்களும்தான் வாசிக்கிறார்கள். கௌபாய் காமிக்ஸ்களிலும் துரோகி தேவைப்பட்டால் கலப்பினத்து வழிகாட்டி ஒருவன் வந்துவிடுகிறான். எத்தனை தலைமுறைக்கு இதையே கொடுப்போம்?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். வெட்டிய வரிகளைத் தயவுசெய்து திரும்பச் சேருங்கள். அரைப் பக்கம்கூட வராது. முடிந்தால் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, மிஸௌரி, ஓசேஜ் என்ற செவ்விந்திய மக்களின் மண்ணாக இருந்ததையும், 1808, 1825 ஒப்பந்தங்களில் அது அவர்கள் கையை விட்டுப் போனதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக்கு இடமில்லை என்றாலும், ஜோவின் பசியை மட்டுமாவது திருப்பிக் கொடுங்கள். அந்த வரிகளை மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நானே காசு வாங்காமல் செய்து தருகிறேன். அடுத்த அச்சுக்கு முன் ஒரு பதில் போட்டால் போதும்.

நன்றியுடன்,
பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் ஓர் ஆசிரியை