விரிவுரையில் கைப்பேசி: தடை வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் கைப்பேசியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று போன ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு, அது அங்கே உட்கார்ந்து டிக்டாக் பார்க்கிறதோ என்று தவிக்கும் பெற்றோரின் மனம் அதில் தெரிந்தது. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தடை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கோலாலம்பூரில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஒரு விரிவுரைக்கு 300 பேர் வரை வருவார்கள்.

அப்படிப்பட்ட மண்டபத்தில் கடைசி வரிசையில் இருப்பவரின் முகம் மேடையிலிருந்து தெரியாது. ஏர்கான் குளிருக்குப் பாதிப் பேர் ஜாக்கெட்டுக்குள் சுருண்டிருப்பார்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் முன்வரிசையில் ஐந்தாறு தலைகள் ஆடும். அந்த ஐந்தாறு தலைகளை நம்பித்தான் பல வருடங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் மீதிப் பேருக்கு என்ன ஆனது என்று தெரியும். அதற்குள் செமஸ்டர் முடிந்திருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்துக்கு வந்தால் விரிவுரை ஆங்கிலத்தில். 300 பேர் நடுவில் கையைத் தூக்கி, வாக்கியம் பிசகாமல் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்க எத்தனை பிள்ளைகளுக்குத் துணிவு வரும்? வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது அக்கறையின்மையாகத் தெரிகிறது.

சில வருடங்களாக நான் செய்வது இதுதான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பாடத்தை நிறுத்தித் திரையில் ஒரு கேள்வி போடுகிறேன். மெண்டிமீட்டர் போன்ற தளங்களில் மாணவர்கள் கைப்பேசியிலிருந்து பதில் அனுப்பலாம். பெயர் வராது. ஒரு நாள் கேட்ட கேள்வி: பந்தை நேர் மேலே எறிகிறோம், அது உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் (acceleration, அதாவது வேகம் மாறும் வீதம்) எவ்வளவு? பாதிக்கு மேல் பூஜ்யம் என்று அழுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் அதே பாடத்தை முழுதாக நடத்தி முடித்திருந்தேன்.

விடையைச் சொல்லாமல், "பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், எந்த மொழியிலும் பேசலாம்" என்றேன். மண்டபம் சந்தைக்கடை போல ஆகிவிட்டது. படியேறி மேலே போனேன். பின்வரிசையில் ஒரு மாணவி தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எக்ஸலரேஷனும் சைபர்னா பந்து அங்கேயே தொங்கிக்கிட்டு இருக்கணும்லா, பின்ன எப்படி கீழ வருது?" கையில் பேனா மூடி இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டினாள். உச்சியில் வேகம்தான் பூஜ்யம், முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி 9.8 தான் என்று நான் இரண்டு ஸ்லைடில் சொன்னதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். மறுபடி வாக்கெடுத்தபோது பெரும்பாலானவர்கள் சரியான விடைக்கு வந்திருந்தார்கள். அந்தப் பெண் அதுவரை என் வகுப்பில் ஒரு முறைகூடக் கை தூக்கியதில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்து வருவது. மாணவர்கள் பாராட்டிய விரிவுரையாளர் அவர். கணக்கே இல்லாமல் கருத்தை மட்டும் சோதிக்கும் எளிய தேர்வு ஒன்றை அவர் வைத்தபோது, ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். அதிலிருந்துதான் அவர் முறையை மாற்றினார். அவர் வழி இது: கேள்விக்கு ஏறக்குறைய 30லிருந்து 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பக்கத்தில் பேச விடு, அதற்குக் குறைந்தால் திரும்ப விளக்கு, கூடினால் மேலே போ. எந்தக் கருவி வாங்கினாலும் முக்கியமானது பக்கத்தில் பேச விடும் இந்த இடம்தான். பேச விடாமல் வெறும் வாக்கெடுப்பு நடத்தினால் அது பொழுதுபோக்கு. வேகமாக அழுத்துபவருக்கு அதிகப் புள்ளி தரும் போட்டிகளையும் நான் விரிவுரையில் வைப்பதில்லை. யோசிக்க நேரம் எடுக்கும் பிள்ளை அதில் தோற்றுப்போகும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014ல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வந்தது. வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோல்வி. மாணவர்களைப் பங்கெடுக்க வைத்த வகுப்புகளில் சுமார் 22 சதவீதம். நம் குடும்பங்களில் ஒரு பாடத்தில் தோற்றால் மறுபடி கட்டணம், இன்னொரு செமஸ்டர் வாடகை என்று எவ்வளவு இழுக்கும் என்பது பெற்றோருக்கே தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இந்த வாக்கெடுப்பையே வருகைப் பதிவாக மாற்றச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் ஒருவர் நாலு நண்பர்களுக்கும் சேர்த்து அழுத்த ஆரம்பித்தார். பெயர் பதிவாகிறது என்றதும் தெரியாததைத் தெரியாது என்று காட்டும் தைரியமும் போய்விட்டது. இன்னொன்று வைஃபை. 300 கைப்பேசி ஒரே நேரத்தில் இணைந்தால் திரையில் சக்கரம்தான் சுற்றுகிறது. சொந்த டேட்டா வாங்க முடியாத பிள்ளைகள் அப்போது தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நிர்வாகங்கள் புதிய மண்டபத்துக்குப் பெரிய திரை வாங்குவதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "அவங்க பாடமே நடத்தல, கேள்விதான் கேக்கறாங்க" என்று பிள்ளை வீட்டில் வந்து சொல்லலாம். ஹார்வர்டில் இதையே சோதித்து 2019ல் முடிவை வெளியிட்டார்கள். பங்கெடுத்துப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் நினைத்தார்கள். மூளை சிரமப்படும்போது அப்படித்தான் தோன்றும். செமஸ்டர் கடைசியில் மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்துக்குப் பயந்தே பல இளம் விரிவுரையாளர்கள் இந்த முறையைத் தொடத் தயங்குகிறார்கள். துறைத் தலைவர்கள் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

வைஃபை வராத நாளுக்காக நான் நான்கு நிற அட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன். கேள்வி போட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார்கள். மேடையிலிருந்து பார்த்தால் சிவப்பு அதிகமா, பச்சை அதிகமா என்று தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் யாராவது தொடங்கிப் பார்க்க விரும்பினால், கேள்விகளையும் அட்டைகளின் மாதிரியையும் தங்கள் அலுவலகம் வழியாக அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் விரிவுரையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.