போர்வையின் உள்பக்கத்தில் இருப்பவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

தங்கை மகளுக்கான ஒட்டுத்துணிப் போர்வை முடிந்துவிட்டது. ஓரப்பட்டியின் கடைசித் தையலைப் போட்டு, நூல்முனையை உள்ளே இழுத்து மறைத்து, ஒரு முறை அலசிக் காயவைத்து, தங்கையிடம் கொடுத்தும் ஆயிற்று. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், மொத்தம் 64 துண்டுகள். பக்கத்துக்கு 36 அங்குலம்தான், சின்னப் போர்வை. பார்த்தவர்கள் நிறங்களைப் பாராட்டுகிறார்கள், அப்புறம் என்னைப் பாராட்டுகிறார்கள். ஆனால் அது சுருக்கமில்லாமல் தட்டையாக விரிவதற்கும், மூலையோடு மூலை சேர்ந்து நிற்பதற்கும், துவைத்தபின் சாயம் போகாததற்கும் காரணமான வேலை எதுவும் மேலே தெரிவதில்லை. அந்த வேலைகளைச் செய்தவர்கள் நீங்கள். அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

துணி கொடுத்தவர்களுக்கு முதல் நன்றி. கோடு போட்ட சட்டை, பூப்போட்ட தலையணை உறை, ஜன்னல் திரையில் மீந்த துண்டு என்று எவ்வளவு வந்தது! பருத்தி மட்டும் போதும் என்று கேட்டிருந்தேன். பனியன் துணி இழுபடும், பாலியஸ்டர் வழுக்கும். பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் கட்டம் கோணிக்கொள்ளும். அதைப் புரிந்துகொண்டு நீங்களே பிரித்து எடுத்துக் கொடுத்தீர்கள். சித்தி, நீங்கள் ஒரு படி மேலே போனீர்கள். எல்லாவற்றையும் துவைத்து, சுருங்க வேண்டியது முன்பே சுருங்கட்டும் என்று காயவைத்து, சிவப்புத் துணிகளை மட்டும் ஈரமாக்கி வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தீர்கள். பலமுறை அலசியும் சாயம் விட்ட ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தீர்கள். கண்ணைப் பறிக்கும் துணி அது, எனக்கு விட மனசே வரவில்லை. இன்று வெள்ளைக் கட்டங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன, சித்தி.

பெரியம்மா, கால் அங்குலம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். சதுரத்தை 5 அங்குலமாக வெட்டினால், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய், போர்வையில் நாலரை அங்குலமாக நிற்கும். தையல் துளி உள்ளே தள்ளிப் போய் ஒவ்வொரு இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் குறைகிறது என்று வையுங்கள். ஒரு வரிசையின் ஏழு இணைப்புகளில் கிட்டத்தட்ட ஓர் அங்குலமே போய்விடும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்? நீங்கள் மெஷினின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு ஒட்டு நாடாவை ஒட்டிக் கொடுத்தீர்கள். "ரெண்டு சதுரத்தைச் சேர்த்து அளந்து பாரு. ஒன்பதரை வந்தா மேலே தை, வரலைன்னா நிறுத்து" என்றீர்கள். தைக்கும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் இருந்தது. துணியின் இழை நேராக இருக்கும்படி வைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று நின்று பார்த்துக்கொண்டதற்கும் நன்றி. இழைக்குச் சாய்வாக வெட்டிய துண்டு கை பட்டாலே நீண்டுவிடும்.

இஸ்திரிப் பெட்டியோடு நின்ற மாமாவுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. இந்தப் போர்வையில் ஊசிக்கு இணையாக உழைத்தது இஸ்திரிப் பெட்டிதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு வரிசை முடிந்ததும் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் மடித்து அழுத்த வேண்டும், அடுத்த வரிசையில் இடப்பக்கம். இரண்டு வரிசைகளையும் சேர்க்கும்போது ஓரங்கள் எதிரெதிராக வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே சந்திப்பு சரியாக உட்கார்ந்ததா என்று தெரிந்துவிடும். மாமா, நீங்கள் ஒரு முறைகூடப் பெட்டியைத் துணிமேல் இழுக்கவில்லை. தூக்கி வைத்து, அழுத்தி, மறுபடி தூக்கி வைத்தீர்கள். இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும் என்பதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இன்று ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் நிற்பதைப் பார்த்து வியப்பவர்கள், தயவுசெய்து மாமாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

கட்டங்களைத் தரையில் அடுக்கியபோது கைப்பேசியில் கறுப்புவெள்ளைப் படம் எடுத்துக் காட்டிய தம்பிக்கு நன்றி. வேறு வேறு நிறம் என்று நினைத்த பச்சையும் நீலமும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. வெளிர், அடர் என்று மாற்றி அடுக்கியதும்தான் போர்வைக்கு உயிர் வந்தது.

செவிலியரான என் தோழி சொன்ன ஒரு விஷயத்தால் திட்டமே மாறியது. ஒரு வயது முடியும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை போன்ற மெத்தென்ற பொருட்கள் இருக்கக் கூடாது, மூச்சை அடைக்கும் ஆபத்து உண்டு. அதனால் இப்போதைக்கு இது தரையில் விரித்து, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது குழந்தை கவிழ்ந்து விளையாடுவதற்கான விரிப்பு. அலங்காரத்துக்கு வைக்க நினைத்த பொத்தான்களையும் விட்டுவிட்டோம். கைக்குழந்தை எதையும் பிய்த்து வாயில் போடும் அல்லவா? தோழி, நேரத்தில் சொன்னாய்.

மூன்று அடுக்கையும் சேர்த்த நாளில் வந்தவர்களை என்றும் மறக்க மாட்டேன். அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். அதைக் கவிழ்த்து விரித்து, விறைப்பாக, ஆனால் இழுபடாமல், தரையோடு நாடா போட்டு ஒட்டினோம். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அதன்மேல் தைத்த முகப்பு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவிக்கொண்டே போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்த வேண்டும். மண்டியிட்டுக் குனிந்து செய்கிற வேலை. அண்ணியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் முதுகு வலியைப் பொருட்படுத்தாமல் கடைசி ஊக்குவரை இருந்தார்கள். பின்பக்கத்தில் ஒரு மடிப்புக்கூட விழாமல் இருப்பது அந்த ஊக்குகளால்தான்.

பக்கத்து வீட்டு அக்கா தன் மெஷினையே தூக்கிக் கொடுத்தார். அதில் வாக்கிங் ஃபுட் என்ற, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம் இருந்தது. சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பற்கள் மட்டும் துணியை நகர்த்தும், மேல் அடுக்கு பின்தங்கிச் சுருங்கும். இந்த ஃபுட் மேல் அடுக்கையும் சேர்த்தே நகர்த்தும். நடுக்கோட்டில் தொடங்கி ஓரம் நோக்கி, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக வைத்துத் தைத்தேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் விட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும் என்று அக்கா காட்டித்தந்தார். நான் தைக்கும்போது போர்வையின் கனத்தை எதிர்ப்பக்கம் மேசையில் தாங்கிப் பிடித்ததும் அவர்தான். கனம் கீழே தொங்கினால் ஊசியை இழுத்து வளைக்கும்.

பாட்டி, ஓரப்பட்டி முழுக்க உங்களுடையது. சுற்றளவு 144 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் இன்னும் பத்து. ஓரம் நேராக இருக்கும்போது கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டித் துணியை வீணாக்க வேண்டாம், வளைவுக்குத்தான் கிராஸ் வேண்டும் என்று சொல்லி, இரண்டரை அங்குல நேர்ப்பட்டிகளைச் சாய்வாக இணைக்க வைத்தீர்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, பிறகு கீழே மடித்துத் தொடர வேண்டும் என்பதை நாலு மூலையிலும் கூடவே இருந்து பார்த்தீர்கள். பின்பக்கத்தை மெஷினில் ஓட்டிவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது நீங்கள் சம்மதிக்கவில்லை. கையால்தான் எம்மிங் என்றீர்கள். ஊசி அடித்துணியை மட்டும் தொட்டு, முகப்பில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல், பாதிச் சுற்றை நீங்களே முடித்தும் கொடுத்தீர்கள். எது உங்கள் பாதி, எது என் பாதி என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்று தங்கை சொன்னாள். எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன். அதில் குழந்தையின் பெயரும் ஆண்டும், அதற்குக் கீழே உங்கள் எல்லோருடைய பெயரின் முதலெழுத்தும் இருக்கும். தங்கை, துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் போதும், முறுக்கிப் பிழியாதே, நிழலில் படுக்கப்போட்டுக் காயவை.

மீந்த சதுரங்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, எல்லாம் துவைத்து வெட்டியவை. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணி, உங்கள் சின்னவள் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். துணியை அவளே தேர்ந்தெடுக்கட்டும், ஊக்கு குத்த இந்த முறை நான் வருகிறேன்.

அன்புடன்,
போர்வையைத் தைத்தவர்களில் ஒருத்தி