எர்த் குழி எங்கே இருக்கிறது? கணினி ஆய்வகம் வைத்திருக்கும் பள்ளி, கல்லூரி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

கணினி பழுதுநீக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். மௌஸ், கீபோர்டு, பென் டிரைவ், புரொஜெக்டர் என்று ஆண்டுதோறும் தாங்கள் மாற்றும் பொருள்களின் பட்டியல் என் கைக்கு வரும்போது, பழுதின் காரணம் என்ற இடத்தில் ‘ஸ்டேடிக்’ (நிலைமின்சாரம்) என்றோ ‘ஹை வோல்டேஜ்’ என்றோ எழுதியிருக்கும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் நான் நேரில் சென்று பார்த்த ஆய்வகங்கள் பலவற்றில் குறை கணினியில் இல்லை. சுவருக்குள் ஓடும் பச்சைக் கம்பியில், அதாவது எர்த்தில் இருந்தது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி அது; அது போய் மண்ணைத் தொடும் இடம்தான் எர்த் குழி.

ஒரு மேல்நிலைப் பள்ளியில் கண்டதைச் சொல்கிறேன். மாடியில் புதிதாகக் கட்டிய அறை, 30 கணினிகள், கூரையில் புரொஜெக்டர். ஓராண்டுக்குள் புரொஜெக்டரின் ஹெச்டிஎம்ஐ போர்ட் இரண்டு முறை போய்விட்டது. கேபினெட்டை, அதாவது கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அது நிலைமின்சாரம், ஒன்றும் செய்யாது என்று அவர்களுக்குப் பதில் சொல்லப்பட்டிருக்கிறது. அறைக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியைத் திறந்து பார்த்தேன். 30 கணினிகளின் எர்த் கம்பிகளும் ஒரே பட்டையில் ஒழுங்காக முறுக்கப்பட்டிருந்தன. அந்தப் பட்டையிலிருந்து குழிக்குப் போக வேண்டிய கம்பியை மட்டும் யாரும் போடவே இல்லை.

நிலைமின்சாரம் என்றால் ஒரு முறை ‘சட்’டென்று பொறிந்து முடிந்துவிடும். தொட்டுக்கொண்டிருக்கும் வரை சுர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தால் அது கசிவு மின்சாரம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில், மின் இரைச்சலை வடிப்பதற்காக ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) கேபினெட்டின் உலோக உடலுக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பும் கம்பி) அந்த உடலுக்கும் இடையே ஒன்று எனச் சிறு கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அவற்றின் வழியே வரும் சொற்ப மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குக் கேபினெட்டின் உடல் மிதந்து நிற்கும். இது எஸ்எம்பிஎஸ்ஸின் பழுதன்று. புத்தம்புதிய எஸ்எம்பிஎஸ்ஸும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே அதை மாற்றினால் பயன் இல்லை.

ஒரு கணினி கசியவிடுவது கால் மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் ஆபத்தில்லை. ஆனால் 30 கணினிகளின் உடல்களும் ஒரே கம்பியில் கோக்கப்பட்டு, அந்தக் கம்பி மண்ணைத் தொடாமல் நின்றால், ஒரு கேபினெட்டைத் தொடும் பிள்ளையின் உடல் வழியே முப்பதின் கசிவும் சேர்ந்து ஏழெட்டு மில்லி ஆம்பியர் வரை ஓட முடியும். பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும் அளவுக்கு அது அதிகத் தொலைவில் இல்லை. மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரில் விழுவது; இதற்கு விழாது. தூசி வரக் கூடாது என்று ஆய்வக வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிறோம். வெறுங்காலுடன் தரையில் நிற்கும் பிள்ளைதான் அந்த மின்சாரத்துக்கு மிக எளிய வழி. போதாததற்கு, ஏதாவது ஒரு கணினியில் ஃபேஸ் கம்பி உடலில் பட்டுவிட்டால், அந்த ஒற்றைப் பட்டையின் வழியே மற்ற 29 கணினிகளின் உடலிலும் முழு 230 வோல்ட் ஏறிவிடும்.

துணைக்கருவிகள் போவதற்குக் காரணமும் இதுவே. எல்லாக் கருவிகளும் சேர்ந்து மிதக்கும் வரை எதுவும் கெடுவதில்லை. எர்த் சரியாக உள்ள வேறொரு பிளக் பாயிண்டில் ஓடும் புரொஜெக்டரையோ பிரிண்டரையோ கொண்டுவந்து இணைக்கும் கணத்தில்தான், இரு உடல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு கேபிளின் வழியே சமனாகப் பார்க்கிறது. யூஎஸ்பி பிளக்கில் மின் பின்களைத் தகவல் பின்களைவிட நீளமாக வைத்திருப்பது, அவை முதலில் தொட வேண்டும் என்பதற்காகத்தான். ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் செருகும் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் அந்த ஏற்பாடு இல்லை. ஒலிக்கான நுனியே முதலில் உள்ளே போகிறது. எர்த் சரியாகும் வரையிலாவது, இரண்டு கருவிகளின் பவர் பிளக்கையும் கழற்றிவிட்டு, முதலில் இணைப்புக் கேபிளைச் செருகி, அதன் பிறகே மின்சாரம் கொடுக்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லி வையுங்கள்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பதற்கும் இதே காரணம்தான்: செருகும்போது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும். அந்தப் பின்னை உடைத்துவிட்டோ, இரண்டு பின் கன்வர்ட்டரில் மாட்டியோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது நம் ஊரில் இயல்பான காரியமாகிவிட்டது. திடீர் மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஸ்பைக் பஸ்டர் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியும் அரைகுறையானதே. அதிலுள்ள வேரிஸ்டர்கள் என்னும் காப்பு உறுப்புகளில் சில, மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்புவதற்காக வைக்கப்பட்டவை. திருப்புவதற்கு எர்த் இல்லாதபோது அவை பெயருக்கு உட்கார்ந்திருக்கின்றன. மலிவான சிலவற்றில் சுவிட்சும் ஃபியூஸும் தவிர வேறு எதுவுமே இருப்பதில்லை.

‘ஹை வோல்டேஜ்’ என்ற புகாருக்கு வருகிறேன். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், சுமை குறைவாக உள்ள ஃபேஸில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வந்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்கா. ஒரே நாளில் பல எஸ்எம்பிஎஸ் வெடித்தால், கணினி விற்றவரைத் திட்டுவதற்கு முன் டிபி பெட்டியின் நியூட்ரல் முனையை முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிலைமின்சாரத்தையும் நான் ஒதுக்கவில்லை. மனித விரல் உணர்வதற்கே ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில்லுகளில் சில நூறு வோல்ட்டுக்கும் குறைவாகவே கெடுபவை உண்டு. ஆகையால் நமக்குத் தெரியாமலே கெடுத்துவிட முடியும். அன்றே சாகாமல் அரைகுறையாகக் காயப்பட்டுச் சில மாதம் கழித்துப் போவதும் உண்டு. ஆனால் புழுக்கமான ஊரில், ஜன்னல் திறந்த அறையில் அது அவ்வளவாகச் சேராது. ஏசி ஓடிக் காற்று உலர்ந்த அறை, தரைவிரிப்பு, பாலியஸ்டர் உடை எல்லாம் சேரும் இடத்தில்தான் கவலை. கணினியைத் திறந்து ரேமைக் கழற்றுபவர், உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கையில் கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அவர் அதை மாட்டும் இடத்துக்கே எர்த் இல்லையென்றால், மிதக்கும் கேபினெட்டோடு தம்மைக் கட்டிக்கொள்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். துணைக்கருவிகள் வாங்க அடுத்த முறை நிதி ஒதுக்குவதற்கு முன், உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழைத்து, ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் எர்த் தொடர்பையும், குழியின் தடையை ஓம் கணக்கிலும் அளந்து, கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். ‘எர்த் நன்றாக இருக்கிறது’ என்ற வாய்மொழியை ஏற்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தால், அறுந்த கம்பிகூட ஏதோ ஒரு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பைப் போட்டுப் பார்க்கும் பழைய முறையைத் தாங்களாகச் செய்ய வேண்டாம்; எர்த் இல்லாத இடத்தில் அந்த பல்பின் வழியே எல்லாக் கணினிகளின் உடலுக்கும் ஃபேஸ் ஏறும். எர்த் கிடைக்கவில்லை என்று பிளக் பாயிண்டிலேயே நியூட்ரலோடு எர்த்தை முறுக்கிவிடும் வயர்மேனை மறுபடி அழைக்காதீர்கள். பின்னால் நியூட்ரல் அறுந்தால் என்னவாகும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

இந்தச் சோதனைக்கு ஏற்ற காலம் மே மாதம். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அளவு சரியாக இருந்தால் மழைக்காலத்தில் அதைவிட நன்றாகவே இருக்கும். பள்ளி திறப்பதற்கு முன் குறையைச் சரிசெய்யவும் அவகாசம் கிடைக்கும்.

நான் சொன்ன பள்ளியில் கீழே பழைய கட்டடத்துக்கென்று ஒரு குழி ஏற்கெனவே இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் அரை நாள் ஆயிற்று. நடைபாதைக்குப் பேவர் பிளாக் பதித்தவர்கள் அதன் மூடியையும் சேர்த்துப் பதித்துவிட்டார்கள். கற்களைப் பெயர்த்து, குழியைத் திருத்தித் தண்ணீர் ஊற்றி, மாடிக்குக் கம்பி இழுத்த அன்று மாலையே அந்தச் சுர்ரென்பது நின்றது. தங்கள் வளாகத்தில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று, இம்மடலைப் படித்து முடித்ததும், அலுவலகத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் தொழிலாளி ஒருவர்